ஆறு குட்டி போட்டா யாருக்குக் கொடுப்பீங்க?

பொட்டை நாய்க்கு ஒரு வயசு ஆனா போதும், லயத்தில் பேச்சு தொடங்கிடும். "நல்ல சாதி நாயோட சேர்த்து விடுங்க, எங்களுக்கும் ஒரு குட்டி தாங்க." ரம்புக்கனைப் பக்கம் எங்கள் வீட்டிலும் இப்போ இதே கதைதான். டவுனில் தெரிஞ்சவர் வீட்டு பொமரேனியனோடு சேர்க்கலாம் என்கிறார் மாமா. நான் வேணாம் என்கிறேன்.

"ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் நாய்க்கு உடம்புக்கு நல்லது" என்பது அம்மாவின் வாதம். நிறைய பேர் நம்புறதுதான், ஆனா உண்மை இல்லை. கருப்பையில் சீழ் பிடிக்கிற நோய் உயிரையே எடுக்கும். கருத்தடை சத்திரசிகிச்சை செய்த நாய்க்கு அந்தப் பயம் பெரும்பாலும் இல்லை.

அடுத்தது கணக்கு. சுமார் 63 நாள் சினை. பிறகு எட்டு வாரமாவது குட்டிகள் தாயோடு இருக்கணும். லயத்துக் காம்பராவில் நமக்கே இடம் பத்தாது. ஆறு குட்டி பிறந்தா, கேட்டு வருகிற எல்லாருக்கும் ஆண் குட்டிதான் வேணும். மிச்சமாகிற பொட்டைக் குட்டிகள் பெட்டியில் போட்டு பன்சலை வாசலிலோ சந்தைப் பக்கமோ விடப்படும். பிழைக்கிறது அடுத்த வருஷம் ரோட்டிலேயே குட்டி போடும்.

முன்பெல்லாம் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றார்கள். 2006இல் இலங்கை அரசு அதை நிறுத்தச் சொன்னது. நல்ல முடிவு. ஆனா கொல்லாமல் எண்ணிக்கையைக் குறைக்க கருத்தடைதான் வழி. அது வளர்க்கிற நம்ம கையிலும் இருக்கு. விசர்நாய்க்கடி நோய் அறிகுறி தெரிந்த பிறகு மனுசரைக் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாது. ஊசி போடாத ரோட்டு நாய்கள் கூடினா, ஸ்கூலுக்கு நடந்து போற பிள்ளைகளுக்குத்தான் முதல் ஆபத்து.

"எல்லாரும் இப்படியே செஞ்சா தோட்டத்துக்கு நாய் எங்கிருந்து வரும்?" என்று மாமா கேட்கிறார். காட்டுப்பன்றியை விரட்ட, ராத்திரி காவலுக்கு நாய் தேவைதான். அதுக்குப் பொமரேனியன் கலப்பு வேணுமா? ரோட்டோரப் பெட்டியில் கத்துற பொட்டைக் குட்டியும் நல்லாத்தான் குரைக்கும்.

அப்படியும் சேர்க்கத்தான் போறீங்கன்னா, ஆறு வீட்டின் பேரை முதலில் எழுதுங்க. பொட்டைக் குட்டி என்றாலும் எடுப்பீங்களா என்று நேராகக் கேளுங்க. பிரசவம் சிக்கலானா மிருக வைத்தியருக்குக் கொடுக்கக் காசு இருக்கா என்றும் பாருங்க. எங்கள் வீட்டுப் பட்டியலில் இதுவரை இரண்டு பேர். இரண்டு பேருமே ஆண் குட்டிதான் கேட்டிருக்காங்க.