தில்லி நாய்க்குட்டிக்கு அடைபடும் அயல்நாட்டுக் கதவுகள்: கருணையா, கட்டுப்பாடா?

புதுதில்லி: தலைநகரின் தெருக்களில் பிறந்து தொண்டு அமைப்புகளால் மீட்கப்பட்ட நாய்க்குட்டிகளை அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் வாழும் குடும்பங்கள் தத்தெடுக்கும் வழக்கம் பல ஆண்டுகளாக இருந்து வந்தது. ஒடுங்கிய முகமும் நீண்ட கால்களும் கொண்டு வேட்டை நாயை நினைவூட்டும் நமது நாட்டு நாய்க்கு அங்கே வரவேற்பும் இருந்தது. அந்த வழி இப்போது வெகுவாகக் குறுகிவிட்டது. அதே வேளையில், உச்ச நீதிமன்றம் 2025ஆம் ஆண்டில் அடுத்தடுத்துப் பிறப்பித்த உத்தரவுகளால், தெரு நாயைத் தத்தெடுப்பது தனிமனித விருப்பம் என்ற நிலையிலிருந்து நகர நிர்வாகம் சார்ந்த பிரச்னையாக உருவெடுத்துள்ளது.

அயல்நாடுகளின் இந்தத் தயக்கத்திற்குக் காரணம் வெறிநோய் எனப்படும் ரேபிஸ்தான். நாய்களிடையே பரவும் வகை வெறிநோய் ஒழிக்கப்பட்டுவிட்டதாக அமெரிக்கா 2007இல் அறிவித்தது. ஆனால், 2021 ஜூனில் அஜர்பைஜான் நாட்டிலிருந்து மீட்பு அமைப்பு ஒன்றின் மூலம் வந்த நாய் ஒன்றுக்கு இந்நோய் இருப்பது கண்டறியப்பட்டது. அடுத்த மாதமே, இந்தியா உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து நாய்களைக் கொண்டுவர அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தாற்காலிகத் தடை விதித்தது. 2024 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளின்படி, எந்த நாட்டிலிருந்து வரும் நாயானாலும் அதற்குக் குறைந்தது ஆறு மாத வயதாகியிருக்க வேண்டும். உடலில் மைக்ரோசிப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். இந்தியா போன்ற நாடுகளின் நாய்களுக்குக் கூடுதல் நிபந்தனைகளும் உண்டு.

கனடா இன்னும் கண்டிப்பாக நடந்துகொண்டது. 2022 செப்டம்பர் 28 முதல், வெறிநோய் அபாயம் மிகுந்த நாடுகளிலிருந்து வணிக நோக்கில் நாய்களைக் கொண்டுவருவதை அது தடை செய்தது. விற்பனை, இனப்பெருக்கம் ஆகியவற்றுடன் தத்துக் கொடுப்பதற்காகக் கொண்டுவருவதும் "வணிகம்" என்ற வரையறைக்குள் அடக்கப்பட்டது.

கருணைச் செயல் எப்படி வணிகமாகும் என்று பிராணி நல ஆர்வலர்கள் கேட்பது இயல்பே. எனினும், சட்டத்தின் பார்வை வேறு. சொந்த நாயுடன் பயணம் செய்பவருக்கு அதன் பூர்விகம் தெரியும். தத்துக் கொடுக்கப்படும் நாயோ கை மாறுகிறது. அது தெருவில் இருந்தபோது எந்த நாயால் கடிபட்டது என்பதைப் பெறுபவர் அறிய வழியில்லை. வெறிநோய்க் கிருமி உடலில் புகுந்து அறிகுறி தென்படுவதற்குச் சில வாரங்களோ, சில மாதங்களோ ஆகலாம். துள்ளி விளையாடும் குட்டி, நோயைச் சுமந்துகொண்டே விமானம் ஏறக்கூடும் என்பதுதான் அந்நாடுகளின் அச்சம்.

ஐரோப்பிய நாடுகளின் விதிமுறைகளை நோக்கினால் இதன் நடைமுறை விளைவு புரியும். குட்டிக்கு 12 வார வயதான பிறகே வெறிநோய்த் தடுப்பூசி போடலாம். அதிலிருந்து 30 நாள் கழித்து, ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி உண்டாகியிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். ரத்த மாதிரி எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதங்கள் காத்திருக்க வேண்டும். ஆக, விமானம் ஏறும்போது அதற்கு ஏறத்தாழ ஏழு மாத வயது ஆகிவிடும். மனிதர்களோடும் வீட்டுச் சூழலோடும் குட்டி எளிதில் பழகுவது பிறந்த முதல் மூன்று, நான்கு மாதங்களில்தான். அந்தப் பருவத்தைக் காப்பகத்தின் கம்பிகளுக்குப் பின்னால் கழித்துவிட்டு, அது வளர்ந்த நாயாகவே புதிய வீட்டுக்குச் செல்கிறது.

இதனால் பாதிக்கப்படுவது ஒரு குட்டி மட்டுமல்ல. அந்த ஏழு மாதங்களும் காப்பகத்தில் ஓர் இடம் நிரம்பியிருக்கும். உள்ளூரிலேயே தத்தெடுப்போர் கிடைத்தால், அதே இடத்தில் பல குட்டிகளை அடுத்தடுத்துப் பராமரித்து அனுப்பிவிட முடியும். அயல்நாட்டில் இருந்துகொண்டு தில்லி நாய்க்குட்டியின் படத்தைப் பார்த்து மனம் இளகுபவர்கள் முடிவெடுக்கும் முன் எண்ணிப் பார்க்க வேண்டிய கணக்கு இது. ஊனமுற்றதால் இங்கே யாரும் ஏற்காத நாய்க்கு அயல்நாட்டுக் குடும்பம் வாழ்வளிப்பது வேறு. நலமான குட்டியைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுசெல்ல ஆகும் செலவில் இங்கேயே எத்தனை நாய்களுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்யலாம் என்ற கேள்வி எழவே செய்யும்.

நீதிமன்றத்தின் திருப்பம்

தில்லி மற்றும் சுற்றுப்புறங்களில் உள்ள தெரு நாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2025 ஆகஸ்ட் 11இல் உத்தரவிட்டது. பலத்த எதிர்ப்பு எழுந்ததையடுத்து, மூன்று நீதிபதிகள் அமர்வு ஆகஸ்ட் 22இல் அதனைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் செய்தபின் நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் கண்டவை, மூர்க்கமானவை ஆகியவற்றை மட்டும் விடக்கூடாது என்றது. தெரு நாய்களைத் தத்தெடுக்க விரும்புவோர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம் என்றும், அவ்வாறு பெற்ற நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றும் கூறியது. பின்னர் நவம்பர் 7இல், பள்ளிகள், மருத்துவமனைகள், பஸ் மற்றும் ரயில் நிலையங்களிலிருந்து பிடிக்கப்படும் நாய்களை அதே இடத்தில் திரும்ப விடக்கூடாது என்று உத்தரவிட்டது.

அப்படியானால் அந்த நாய்கள் எங்கே செல்லும்? காப்பகம் அல்லது வீடு என்ற இரண்டே வழிகள்தான் உள்ளன. வீடு என்ற வழி எளிதானதல்ல. குடியிருப்போர் நலச் சங்கங்கள் நாய் வளர்க்கத் தடை விதிக்க முடியாது என்று பிராணிகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட நெறிமுறைகள் கூறுகின்றன. ஆயினும், அடுக்குமாடிக் குடியிருப்புகளில் லிஃப்ட் முதல் பூங்கா வரை தகராறுகள் ஓயவில்லை. விலை கொடுத்து வாங்கிய வெளிநாட்டு இன நாய்க்குக் கிடைக்கும் மரியாதை, தெருவிலிருந்து வந்த நாட்டு நாய்க்குக் கிடைப்பதில்லை.

புள்ளிவிவரங்களும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. 2024இல் நாடு முழுவதும் 37.17 லட்சம் நாய்க்கடிச் சம்பவங்கள் பதிவானதாகவும், வெறிநோயால் நேர்ந்ததாகச் சந்தேகிக்கப்படும் மரணங்கள் 54 என்றும் மத்திய அரசு 2025 ஜூலையில் மக்களவையில் தெரிவித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடோ ஆண்டுக்கு 18,000 முதல் 20,000 வரை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நடத்தி, 2024இல் வெளியான ஆய்வு 5,726 என்கிறது. எத்தனை பேர் இறக்கிறார்கள் என்பதிலேயே இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, நமது தடுப்பூசிச் சான்றிதழை மட்டும் நம்பி அயல்நாடுகள் கதவைத் திறக்கும் என எதிர்பார்க்க இயலாது.

நாய்களால் பரவும் வெறிநோயை 2030க்குள் ஒழிக்கும் தேசியச் செயல்திட்டத்தை மத்திய அரசு 2021இல் வெளியிட்டது. நாய்களில் 70 சதவீதத்திற்காவது தொடர்ந்து தடுப்பூசி போட்டால்தான் நோய்ப் பரவல் அறுபடும் என்பது வல்லுநர்களின் கருத்து. பிராணிகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் (2023) இப்பொறுப்பை உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைத்துள்ளன. அவற்றுக்கு வேண்டிய நிதி, கால்நடை மருத்துவர்கள், அறுவைச் சிகிச்சை மையங்கள் ஆகியவை போதுமான அளவில் கிடைக்காத வரையில் விதிகள் ஏட்டளவிலேயே நிற்கும்.

பிராணிவதைத் தடுப்புக்கான தனிநபர் மசோதாவை ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டு வந்தது 1953இல். அதன் பயனாகவே 1960ஆம் ஆண்டின் சட்டம் பிறந்தது. வாயில்லா ஜீவன்களிடம் கருணை காட்டுவது சமுதாயத்தின் கடமை என்பதை நாடாளுமன்றம் அன்றே ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்தக் கடமையைக் கடல் கடந்த குடும்பங்களின் தோளில் ஏற்றிவிட்டுத் தலைநகர் விலகிக்கொள்ள முடியாது. தெருமுனையில் குட்டி ஈன்ற நாய்க்கு உரிய காலத்தில் தடுப்பூசியும் கருத்தடையும் கிடைத்திருந்தால், அதன் குட்டிக்காக டொரண்டோவில் ஒரு வீட்டைத் தேட வேண்டிய அவசியமே எழுந்திருக்காது.