ஒரு வாட்டி வாரினா வாரினதுதான்

மரக்காணம் உப்பளத்தில் விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். வெள்ளைப் பரப்பு கண்ணைக் கூச வைக்கும் நேரத்துக்குப் பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள். இது தெரியாமல் காலை எட்டு மணிக்கு கேமராவோடு வந்து இறங்கினான் எங்கள் தெருப் பையன் ஒருவன். பையன் என்கிறேனே தவிர, வயது முப்பத்தைந்து. இதுவரை ஏழு குறும்படம் எடுத்திருக்கிறான்.

கடைசியாக ஒரு அம்மா மட்டும் பாத்தியில் நின்றார். நீளக் கழியில் கட்டிய பலகையைப் பாத்தியின் மறுகோடி வரை நீட்டி, பின்னால் நடந்தபடி இழுத்தார். தண்ணீருக்கடியில் கிடந்த உப்பு 'சரசர'வென்று நகர்ந்து வரப்போரம் சேர்ந்தது. பையன் ஃபோகஸைத் தவறவிட்டுவிட்டான். "அக்கா, இன்னொரு தடவ அதே மாதிரி..." என்று இழுத்தான்.

"ஒரு வாட்டி வாரினா வாரினதுதான் கண்ணு. மறுபடி பூக்க ஒரு வாரமாவும்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா அடுத்த இழுப்புக்குப் போய்விட்டார்.

அவனுக்கு ஒரு வாரம் காத்திருக்க வசதியில்லை. சோறு போடுவது கல்யாண வீடியோ. திண்டிவனம் பக்கம் எந்த மண்டபம் என்றாலும் கூப்பிட்டால் போவான். முகூர்த்த மாதங்களில் சொந்தப் படத்தை நினைக்கவே நேரமிருக்காது. மார்கழியில் கேமரா சும்மா கிடக்கும். ஆனால் உப்பளமும் மழைத் தண்ணீரில் கிடக்கும். கல்யாணம் இல்லாமல் உப்பு மட்டும் இருப்பது ஆடியில்தான். ஆக, வருஷத்துக்கு ஒரு மாதம் இயக்குநர்.

தமிழில் குறும்படம் என்றாலே அது விசிட்டிங் கார்டு என்றாகிவிட்டது. 2008 கடைசியில் கேனான் 5டி மார்க் 2 கேமரா வந்தது. ஃபிலிம் சுருள் வாங்காமலே சினிமா மாதிரி படம் பிடிக்கலாம் என்றானது. கூடவே யூடியூப்; கலைஞர் தொலைக்காட்சியில் 'நாளைய இயக்குனர்' குறும்படப் போட்டி. அந்த மேடையிலிருந்து வந்த கார்த்திக் சுப்புராஜ் 2012-இல் 'பீட்சா' எடுத்தார், நலன் குமரசாமி 2013-இல் 'சூது கவ்வும்' எடுத்தார். பாலாஜி மோகன் தன் குறும்படத்தையே அதே பெயரில் 'காதலில் சொதப்புவது எப்படி' என்று பெரிய படமாக்கினார். நல்ல படங்கள்தான், குறையொன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு குறும்படம் எடுக்கிற எவனைப் பார்த்தாலும் ஊர் கேட்கிற முதல் கேள்வி, "எப்பப்பா பெரிய படம்?" சிறுகதை எழுதுகிறவரிடம் நாவல் எப்போது என்று கேட்கிற அதே வியாதி.

பாலு மகேந்திரா எதிர்த்திசையில் போனார். தேசிய விருதுகளெல்லாம் வாங்கிய பிறகு சன் டிவிக்காக 'கதை நேரம்' எடுக்க உட்கார்ந்தார். 52 சிறுகதைகள், 52 சின்னப் படங்கள். சத்யஜித் ராயும் அப்படித்தான். 'பதேர் பாஞ்சாலி' வந்து பல வருஷம் கழித்து, 1964-இல், ஒரு வசனம்கூட இல்லாமல் 'டூ' எடுத்தார். ஒரு பணக்காரப் பையன், ஒரு ஏழைப் பையன், நடுவில் ஒரு ஜன்னல். அவ்வளவுதான் படம். அதை யாருக்கும் விசிட்டிங் கார்டாக நீட்ட வேண்டிய நிலையில் ராய் இல்லை.

இதையெல்லாம் சொன்னால் பையன் சிரிக்கிறான். "அண்ணே, அவங்க பெரிய படம் எடுத்துட்டு இங்க வந்தாங்க. நான் மண்டபத்துலேர்ந்து வரேன்." நியாயம்தான்.

உப்பைப் பற்றி ஏற்கெனவே ஒரு பெரிய படம் இருக்கிறது: ஃபரிதா பச்சாவின் 'மை நேம் இஸ் சால்ட்', 2013. கட்ச் பாலைவனத்தில் ஒரு குடும்பம் உப்பு விளைவிக்கும் பருவம் முழுக்கக் கூடவே இருந்து எடுத்த ஆவணப்படம். ஆம்ஸ்டர்டாமில் விருது வாங்கியது. அதைப் பார்த்ததிலிருந்து எங்கள் ஆளுக்கு அந்தப் பொறுமைமேல் ஏக்கம். எனக்கோ கேரளத்தின் மேல் பொறாமை. 2008-லிருந்து அங்கே அரசின் சலச்சித்திர அகாடமியே ஆவணப்படத்துக்கும் குறும்படத்துக்கும் தனியாகத் திருவிழா நடத்துகிறது.

மறுநாள் நாலரை மணிக்கே போய்விட்டான். முந்தின நாள் பாத்தி காலி. நாலு வரப்பு தள்ளி வேறொரு பாத்தியில் வேறொருவர் வாரிக்கொண்டிருந்தார்; முகம் வராமல் கையும் பலகையும் மட்டும் எடுத்துக்கொண்டான். காற்று மைக்கில் மோதாமலிருக்க, போனைச் சட்டையில் சுற்றி வரப்போரம் வைத்து அந்தச் 'சரசர'வைத் தனியாகப் பதிவு செய்தான். எடிட்டிங்கில் இரண்டு நாளையும் ஒட்டினான். பதினோரு நிமிடப் படம். நான் மூன்று தடவை பார்த்தேன். ஒட்டின இடம் தெரியவே இல்லை.

போன வாரம் அதை அந்த அம்மாவிடம் போனில் போட்டுக் காட்டினான். வெயிலுக்கு முந்தானையைத் திரையின்மேல் பிடித்தபடி கடைசிவரை பார்த்தார்.

"மொத வர்றது என் பாத்தி. அப்புறம் வாரறது என் கை இல்லியே" என்றார்.

பையன் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. ஆவணி முகூர்த்தம், மண்டபத்துக்காரர்.