சாமிக்குத் தேர், பெண்ணுக்குத் தெருவா?

ஆடி மாதம் பிறந்தால் கொழும்பு மாநகர் களைகட்டுகிறது. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி நோக்கி வேல் தாங்கிய தேர் அசைந்து வருகிறது. வழியெங்கும் நிறைகுடங்கள், பழத்தட்டுகள், தண்ணீர்ப் பந்தல்கள்! வேலவனை வரவேற்பதில் தமிழன் எதையும் மிச்சம் வைப்பதில்லை. மகிழ்ச்சி. அதைக் குறைகூற நாம் வரவில்லை.

ஆனால் அதே நகரில், ஜிந்துப்பிட்டியின் ஒடுங்கிய ஒழுங்கையொன்றில், நள்ளிரவில், கிழிந்த உதட்டோடும் இடுப்பிலே குழந்தையோடும் ஒரு பெண் தெருவுக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளை வரவேற்க நம்மிடம் என்ன இருக்கிறது?

பொலிஸ் நிலையம் போகலாம். முறைப்பாட்டைத் தமிழில் எழுதிக்கொள்ள அங்கே ஆள் இருந்தால் அவள் பாக்கியசாலி. இல்லையேல் தன்னால் வாசிக்க முடியாத தாளிலே ஒப்பமிட வேண்டியதுதான். உறவினர் வீடு போகலாம். “விடியட்டும், மாப்பிள்ளையோடு கதைப்போம்” என்பார்கள். கோயிலுக்குப் போகலாம். நடை சாத்தியிருக்கும். சங்கத் தலைவரின் வீட்டுக் கதவைத் தட்டலாம். “இது குடும்ப விடயம் பிள்ளை, நாங்கள் தலையிடுவது அழகல்ல” என்ற உபதேசம் கிடைக்கும். பிறகு? மீண்டும் அதே ஒழுங்கை, அதே வீடு, அதே கை!

இது எங்கோ ஒருத்தியின் கதை என்று எவரும் தட்டிக்கழிக்க வேண்டாம். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019ஆம் ஆண்டில் நாடெங்கும் ஓர் ஆய்வு நடத்தியது. கணவனோடோ துணைவனோடோ வாழ்ந்த பெண்களில் ஐவருக்கு ஒருத்தி, வாழ்நாளில் ஒரு முறையேனும் அவனால் உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளானவள் என்று அந்த ஆய்வு கூறிற்று. ஐவருக்கு ஒருத்தி! நமது சங்கக் கூட்டத்தில் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெண்களை எண்ணிப் பாருங்கள்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், அடிபட்டவள் நீதவான் நீதிமன்றம் சென்று பாதுகாப்புக் கட்டளை கோரலாம். அவள் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். உடனடியாக 14 நாட்கள் வரையிலான இடைக்காலக் கட்டளை. விசாரணையின் பின்னர் 12 மாதங்கள் வரை நீளக்கூடிய கட்டளை. அவள் இருக்கும் வீட்டுக்கோ வேலைத்தலத்துக்கோ அவன் வரக்கூடாதென்று நீதிமன்றம் தடுக்கலாம். அவசரப் பணவுதவி கொடுக்கும்படி பணிக்கலாம். உடலில் விழும் அடி மட்டுமன்று, மனத்தை வதைக்கும் கொடுமையும் இச்சட்டத்துள் அடங்கும். கட்டளையை மீறினால் சிறைவாசமும் உண்டு.

அப்படியாயின் குறை எங்கே? சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. பெண் ஜிந்துப்பிட்டியில் இருக்கிறாள். இரண்டுக்கும் இடையே புதுக்கடை நீதிமன்றம் வரையில் அவள் கையைப் பிடித்து அழைத்துச் செல்ல ஆள் இல்லை. குறை அங்கேதான்!

அந்த வேலையைச் செய்வோர் சிலர் இருக்கிறார்கள். ‘விமன் இன் நீட்’ என்ற நிறுவனம் 1987இல் கொழும்பில் தோன்றியது. போரால் இடம்பெயர்ந்து கொழும்பில் ஒதுங்கிய பெண்களிடையே 1991இல் உருவான சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் 1993இல் மட்டக்களப்புக்குச் சென்று வேரூன்றியது. அரச வைத்தியசாலைகள் பலவற்றில் ‘நட்பு நிலையம்’ இயங்குகிறது. சட்ட உதவி ஆணைக்குழு வறியோருக்காக வழக்குப் பேசுகிறது. 1938 என்ற இலக்கத்தில் பெண்களுக்கான அரச தொலைபேசிச் சேவை இருக்கிறது. முகாம் வாழ்வின் நடுவிலே இத்தகைய பணியொன்று உருவாக முடிந்ததென்றால், மாடிவீடும் மண்டபமும் படைத்த கொழும்புத் தமிழரால் முடியாதா?

நமது சங்கங்களோ ஆண்டுவிழா எடுக்கின்றன, பொன்னாடை போர்த்துகின்றன, பளபளக்கும் மலர் வெளியிடுகின்றன. அடிபட்ட பெண் வந்தால் அவற்றின் கையிலுள்ள ஒரே மருந்து ‘இணக்கம்’. அடித்தவனையும் அடிபட்டவளையும் ஒரே மேசையில் இருத்தி, நான்கு பெரியவர்கள் சூழ, “இருவரும் விட்டுக்கொடுங்கள்” என்கிறார்கள். அவள் எதை விட்டுக்கொடுப்பது? மிஞ்சியிருக்கும் பல்லையா? சபையிலே சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் வீட்டிலே தண்டனை உண்டு என்பதை அந்தப் பெரியவர்கள் அறியாரா?

ஆகவே, உதவ விரும்பும் ஒவ்வொரு சங்கத்துக்கும் சில வார்த்தைகளை வெளிப்படையாகக் கூறுகிறோம்.

முதலாவது, அவள் சொல்வதைக் கேளுங்கள். “நீ என்ன செய்தாய்?” என்ற கேள்வி உங்கள் நாவில் வரவே கூடாது. அவளுடைய முடிவு அவளுடையதே; வீட்டை விட்டு வா என்று துரத்தவும் வேண்டாம், திரும்பிப் போ என்று தள்ளவும் வேண்டாம். பிரிந்து போகப் புறப்படும் வேளையே அவளுக்குப் பேராபத்தான வேளை என்பதை மறவாதீர்கள்.

இரண்டாவது, வாயைக் கட்டுங்கள். அவள் பெயர் கூட்டறிக்கையில் ஏறக்கூடாது. அவள் தங்கியிருக்கும் இடம் செயலாளரின் மனைவிக்கும் தெரியக்கூடாது.

மூன்றாவது, அடையாள அட்டை, விவாகப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் பிரதிகளைப் பத்திரமாக வைக்க உதவுங்கள். காயம் ஆறுமுன் சட்டவைத்திய அதிகாரியிடம் அழைத்துச் செல்லுங்கள். ஆறிய காயம் வழக்கில் வாய்திறவாது.

நான்காவது, தமிழும் சிங்களமும் அறிந்த இரு பெண்களைப் பயிற்றி, இரவிலும் அழைக்கக்கூடிய ஒரு தொலைபேசி, சில நாட்கள் தங்க ஓர் அறை, முச்சக்கரவண்டிக் கூலிக்கும் குழந்தையின் பாலுக்கும் ஒரு சிறு நிதி, இவ்வளவையும் ஏற்படுத்துங்கள். அனுபவமுள்ள நிறுவனங்களிடம் கேட்டுப் பழகுங்கள். கேட்பது இழுக்கன்று, கேளாமல் கெடுப்பதே இழுக்கு.

“இனத்தின் உரிமைப் போராட்டம் இருக்கையில் இதுவா பெரிது?” என்று கேட்கும் வீரர்களும் நம்மிடையே உளர். அவர்களைத் திருப்பிக் கேட்கிறோம். 1956இல் பறிபோன மொழியுரிமையைப் பற்றி இன்றும் மேடைதோறும் முழங்குகிறோம். 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. கொழும்பிலும் அரச அலுவலரோடு தமிழிலே கருமமாற்ற அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. அந்த உரிமை உயிரோடிருக்கிறதா என்று அறிய வேண்டுமானால் எங்கே போக வேண்டும்? நள்ளிரவில் அடிபட்ட தமிழ்ப் பெண் அமர்ந்திருக்கும் பொலிஸ் நிலைய வாங்குக்குப் போக வேண்டும்! அங்கே அவளுக்காக வாதாடாத நாவு மேடையிலே முழங்கி என்ன பயன்? அடிப்பவனும் நம்மவனே என்பதால் நாவு ஒட்டிக்கொள்கிறதா?

வெள்ளவத்தையில் வாழும் சட்டத்தரணிகளே, வைத்தியர்களே, கணக்காளர்களே! வாரத்தில் ஒரு மாலையைக் கொடுங்கள். உங்கள் கல்விக்கு இந்தச் சமூகம் கொடுத்த விலையில் அது ஒரு துளி.

வன்னியிலும் வலிகாமத்திலும் மண்ணோடு போராடும் கமக்காரர்களே! காணியையும் நகையையும் சீதனமாகக் கொடுத்து மகளைக் கொழும்புக்கு அனுப்பினீர்கள். அவள் தொலைபேசியில் விம்மும்போது “பொறுத்துப் போ பிள்ளை” என்கிறீர்கள். வயல் வரம்பு உடைந்தால் நள்ளிரவிலும் மண்வெட்டியோடு ஓடுவீர்களே. “பொறுத்திரு” என்று வெள்ளத்திடமா சொல்வீர்கள்? மகளுக்குக் கொடுக்கவேண்டிய மிகப் பெரிய சீதனம், “எந்த நேரமும் இந்த வீட்டுப் படலை உனக்குத் திறந்திருக்கும்” என்ற ஒரு சொல்தான்.

வட கொழும்பு பெண்ணை மதிக்கத் தெரியாத மண்ணன்று. 1932இலேயே திருமதி நேசம் சரவணமுத்துவை அரசாங்க சபைக்கு அனுப்பிய மண் அது. சபைக்கு ஒரு பெண்ணை அனுப்பத் தெரிந்த சமூகத்துக்கு, தெருவில் நிற்கும் பெண்ணை உள்ளே அழைக்கத் தெரியாதா?

அடுத்த ஆடியிலும் தேர் வரும். வரட்டும், வடம் பிடிப்போம். அதற்கு முன்னர் ஒவ்வொரு சங்கமும் ஓர் அறையையாவது திறக்கட்டும். திறக்க மாட்டோம் என்போர், தமது பெயர்ப்பலகையிலுள்ள ‘நலன்புரி’ என்ற சொல்லை அழித்துவிட்டுத் தேருக்கு முன்னால் வரட்டும்!