சோம்பேறிக் கண்! மின்சாரம் காட்டிக் கொடுக்கிறது!

"அம்மா, எனக்கு ஒரு கண் சரியாகத் தெரியவில்லை" என்று சின்னக் குழந்தை சொல்லாது.

நினைவு தெரிந்த நாள் முதல் அதற்குப் பார்வை அப்படித்தான். நல்ல கண் ஒன்றை வைத்துக்கொண்டே ஓடும், ஆடும், படம் பார்க்கும். பெற்றோருக்குச் சந்தேகமே வராது.

இந்தக் குறைக்குச் "சோம்பேறிக் கண்" என்று பெயர். நூறு குழந்தைகளில் 2 அல்லது 3 பேருக்கு இது இருக்கிறது.

யார் சோம்பேறி?

பெயர்தான் அப்படி. கண் சோம்பேறி அல்ல. கண் படத்தை அனுப்புகிறது; அதைப் பார்ப்பது மூளை. குழந்தையின் மூளை பார்க்கப் பழகவேண்டும். மாறுகண் இருந்தால் இரு கண்ணும் வெவ்வேறு படம் அனுப்பும். ஒரு கண்ணில் மட்டும் கிட்டப்பார்வையோ, தூரப்பார்வையோ, பிறவிப் புரையோ இருந்தால், அதன் படம் மங்கலாக வரும். மூளை அந்தக் கண்ணை ஒதுக்கிவிடும். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு!

அமெரிக்காவில் ஹியூபெல், வீசல் என்ற இரு விஞ்ஞானிகள் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடி வைத்து ஆராய்ந்தார்கள். சில வாரங்கள் கழித்துத் திறந்தார்கள். கண் நன்றாக இருந்தது. மூளைதான் அதை ஏற்கவில்லை! வளர்ந்த பூனைகளுக்கு இந்தக் கெடுதல் நேரவில்லை. 1963-ல் இதை வெளியிட்டார்கள். பார்வை பற்றிய ஆராய்ச்சிக்காக 1981-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

மூளையைக் கேட்கும் கருவி

எழுத்துத் தெரிந்த பிள்ளையைப் படிக்கச் சொல்லிச் சோதிக்கலாம். பேச்சு வராத குழந்தையை எப்படிக் கேட்பது? மூளையைக் கேட்கலாம்!

மூளையில் எப்போதும் நுண்ணிய மின்சாரம் உண்டு. 1924-ல் மனிதர் தலையில் அதை முதன்முதல் பதிவு செய்தவர் ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மன் டாக்டர். பார்வைக்கான பகுதி பின்மண்டையில் இருக்கிறது. அங்கே சிறிய உலோக வில்லைகளை ஒட்டுவார்கள். குழந்தை தாயின் மடியில் இருக்கும். எதிரே திரையில், சதுரங்கப் பலகை போன்ற கட்டங்கள் கறுப்பும் வெள்ளையுமாக மாறிக்கொண்டே இருக்கும். ஒரு கண்ணை மூடிவிட்டு மறு கண்ணைச் சோதிப்பார்கள்.

கட்டம் மாறியதும் மூளையில் ஓர் அலை எழும். வளர்ந்தவர்களுக்கு அது சுமார் 1/10 வினாடியில் வரும். சோம்பேறிக் கண்ணின் அலை பெரும்பாலும் சிறுத்திருக்கும், தாமதமாகவும் வரலாம். இரு கண்ணையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும்.

ஊசி இல்லை, வலி இல்லை. உடம்பில் மின்சாரம் பாய்ச்சுவதும் இல்லை. ஆனால், குழந்தை திரையைப் பார்க்காமல் அழுதால் அலை தவறாக வரும். ஆகவே டாக்டர் கண்ணையும் நேரில் சோதித்தே முடிவு சொல்வார்.

காத்திருக்கக் கூடாது!

சிகிச்சை எளியது. தேவையானால் மூக்குக் கண்ணாடி; பிறகு நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைப்பது. மூளை வேறு வழியின்றி மறு கண்ணைப் பயன்படுத்தும். 7 வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். பிறவிப் புரைக்கோ அத்தனை நாள் பொறுக்கக் கூடாது, கண்டவுடன் காட்டவேண்டும்.

"மாறுகண் அதிர்ஷ்டம்" என்கிறார்கள். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்கிறார்கள். பார்வையைப் பறிப்பது அதிர்ஷ்டமா?

மின்சாரக் கருவி எல்லா ஊரிலும் இல்லை. அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். குழந்தையின் ஒரு கண்ணைக் கையால் மறைத்துப் பாருங்கள். பிறகு மற்றதை மறையுங்கள். ஒரு கண்ணை மறைக்கும்போது மட்டும் அழுது கையைத் தள்ளினால், உடனே கண் டாக்டரிடம் போங்கள். அப்படி எதுவும் தெரியாவிட்டாலும், பள்ளிக்கூடத்தில் சேர்க்குமுன் ஒருமுறை இரு கண்ணையும் சோதித்துவிடுங்கள்.

குழந்தை சொல்லாது. பெற்றோர்தான் கேட்கவேண்டும்!