காரின் அடிவயிற்றைப் பாருங்கள்

சென்னையில் கடலோரமான பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் ஐந்தாறு வருடம் நின்ற காரை லிஃப்டில் தூக்கிப் பார்க்க வேண்டும். மேலே பெயின்ட் பளபளக்கும். அடியில் சைலன்சர் போல்ட்டுகள் செங்காவி நிறத்தில் பொருக்குத் தட்டிக் கிடக்கும். கடற்காற்றின் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் அங்கே இரும்பு சீக்கிரம் அரிக்கிறது.

துருவாக மாறிய இரும்புக்கு முன்பைவிட அதிக இடம் வேண்டும். அது மரைக்குள் உப்பி நட்டை இறுக்கிவிடுகிறது. அந்த நேரத்தில் ஸ்பேனரைப் போட்டு முழு பலத்தோடு இழுத்தால் போல்ட் முறிந்துபோகும். கைதேர்ந்த மெக்கானிக் வயர் பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, எண்ணெய் அடித்துவிட்டு டீ குடிக்கப் போவார். திரும்பி வந்து சுத்தியலால் மெல்லத் தட்டி, கால் சுற்று கழற்றி, கால் சுற்று இறுக்கி, மறுபடி கழற்றுவார். அந்தப் பொறுமைக்குக் கூலி கொடுக்கத் தயங்கவே கூடாது.

துரு பிடிக்காமல் இருக்க டபிள்யூடி-40 ஸ்பிரே அடித்தாலே போதும் என்று பலர் நம்புகிறார்கள். 1953இல் சான் டியாகோவில் நீரை விலக்குவதற்காக உருவான 40ஆவது கலவை அது. பெயரே அதைத்தான் சொல்கிறது. மழையும் சேறும் படும் அடிப்பாகத்தில் அந்த மெல்லிய படலம் வெகுநாள் தாங்காது.

துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே கறுப்பு அண்டர்பாடி கோட்டிங் அடிப்பது பெரும் தவறு. ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும்; தகடு கண்ணுக்குத் தெரியாமல் உளுத்துப்போகும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மூழ்கிய கார்களுக்கு இருக்கையைக் காயவைப்பதைவிட, அடியில் அப்பிய சேற்றை நல்ல தண்ணீரால் கழுவுவது இன்னும் அவசரமான வேலையாக இருந்தது.