‘வேண்டாம்’ என்று சொல்ல ஆளில்லாத வீடு

‘ஃப்ரெண்ட்ஸ்’ தொடரின் 10 சீசன்களையும் வரிசையாகப் பார்ப்பவர்களுக்கு, சாண்ட்லர் பிங்காக நடித்த மேத்யூ பெர்ரியின் உடம்பு பூசுவதும் ஒட்டுவதும் மாறி மாறிக் கண்ணில் படும். பூசியிருந்தால் குடி, ஒட்டியிருந்தால் மாத்திரை, குறுந்தாடி வைத்திருந்தால் நிறைய மாத்திரை என்று, 2022இல் வெளியான தன்வரலாற்றில் அவரே அதற்குக் கணக்குச் சொன்னார். கோடிக்கணக்கானோர் பார்த்துச் சிரித்த அந்த 236 அத்தியாயங்கள் ஒரு போதைநோயாளியின் பத்தாண்டு மருத்துவக் குறிப்பாகவும் இருக்கின்றன.

பெர்ரி 1969 ஆகஸ்ட் 19 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தார். அவருக்கு ஒரு வயது நிறையும் முன்பே பெற்றோர் பிரிந்தனர். தந்தை ஜான் பென்னெட் பெர்ரி லாஸ் ஏஞ்சலஸில் நடிகர். தாய் கனடாப் பிரதமர் பியர் ட்ரூடோவின் செய்திச் செயலராக ஒட்டாவாவில் இருந்தார். ஐந்து வயதிலேயே துணைக்கு ஆளின்றி விமானம் ஏறித் தந்தையைப் பார்க்கச் சென்ற பையன் அவர். வேலைக் களைப்போடு வீடு திரும்பும் தாயைச் சிரிக்க வைப்பது அவருக்கு விளையாட்டாக இருக்கவில்லை. தாயைத் தன் பக்கம் திருப்ப அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். டென்னிஸில் முன்னணி இளம் வீரராகப் பெயரெடுத்தார். 14 வயதில் முதன்முறையாகக் குடித்தார். 15 வயதில் தந்தையிடம் போய்ச் சேர்ந்தார்.

‘ஃப்ரெண்ட்ஸ்’ 1994 செப்டம்பர் 22 அன்று என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. அதன் பெரும்பகுதி ஸ்டூடியோவில் பார்வையாளர்களை உட்கார வைத்துப் படமாக்கப்பட்டது. ஒரு வசனம் எடுபட்டதா இல்லையா என்பது சொன்ன கணமே தெரிந்துவிடும். எதிர்பார்த்த இடத்தில் சிரிப்பு வராவிட்டால் உயிரே போவதுபோல் இருக்கும் என்று, 2021இல் ஆறு நடிகர்களும் மீண்டும் கூடிய நிகழ்ச்சியில் பெர்ரி சொன்னபோது, உடன் நடித்தவர்களே அதை அறியாமல் இருந்தது தெரியவந்தது. தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற சிறுவனுக்கு இப்போது வாரந்தோறும் ஓர் அரங்கமே தாயாகிவிட்டது என்றுதான் இதைப் புரிந்துகொள்ள முடிகிறது.

1990களின் பிற்பகுதியில் ஒரு திரைப்படப் படப்பிடிப்பின்போது நீர் ஸ்கூட்டர் விபத்தில் அடிபட்டவருக்கு விகோடின் என்ற அபின் வகை வலிநிவாரணி கொடுக்கப்பட்டது. அமெரிக்க மருத்துவர்கள் இவ்வகை மாத்திரைகளைத் தாராளமாக எழுதிக்கொடுக்கத் தொடங்கியிருந்த காலம் அது. ஒரு கட்டத்தில் நாளுக்கு 55 மாத்திரைகள் வரை போனது. பொய்யாகத் தலைவலி சொல்லி ஒரே சமயத்தில் எட்டு மருத்துவர்களிடம் சீட்டு வாங்கினார். விற்பனைக்காகப் பார்வைக்குத் திறந்து வைத்திருக்கும் வீடுகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போய், குளியலறை அலமாரியிலிருந்து மாத்திரை எடுத்ததையும் அவர் மறைக்கவில்லை. உடல் எடை 58 கிலோவுக்கு இறங்கியது. 2000இல் கணைய அழற்சியோடு மருத்துவமனையில் கிடந்தார். மூன்றாம் சீசனுக்கும் ஆறாம் சீசனுக்கும் இடைப்பட்ட காலம் நினைவிலேயே இல்லை என்று பிற்பாடு சொன்னார்.

வேலை மட்டும் நிற்கவில்லை. 2001இல் தொடரின் சாண்ட்லர்–மோனிகா திருமணக் காட்சி படமானபோது அவர் சிகிச்சை மையத்தில் இருந்தார். அங்கிருந்து வந்து மணமகனாக நின்றுவிட்டு அங்கேயே திரும்பினார். தொடக்கத்தில் அத்தியாயத்துக்கு 22,500 டாலராக இருந்த ஊதியம், ஆறு பேரும் சேர்ந்து பேரம் பேசியதால் கடைசி இரண்டு சீசன்களில் 10 லட்சம் டாலரானது. அந்த ஒற்றுமை அவருக்குப் பணத்தைவிடப் பெரிய ஒன்றையும் கொடுத்தது. குடிப்பது எங்களுக்குத் தெரிகிறது என்று ஜெனிஃபர் அனிஸ்டனால் முகத்துக்கு நேரே சொல்ல முடிந்தது. அவர் சம ஊதியம் வாங்கிய சக நடிகர். பெர்ரியை நம்பிப் பிழைத்தவர் அல்ல.

2004 மே 6 அன்று 5 கோடிக்கும் அதிகமான அமெரிக்கர்கள் பார்க்கத் தொடர் முடிந்தது. அந்த வட்டமும் அத்துடன் கலைந்தது. பின்வந்த ‘ஸ்டூடியோ 60’, ‘மிஸ்டர் சன்ஷைன்’, ‘கோ ஆன்’ மூன்றும் ஒரே சீசனில் நின்றுபோயின. 2013இல் மாலிபுவில் இருந்த தன் வீட்டைக் குடியிலிருந்து மீள்பவர்கள் தங்கும் இல்லமாக மாற்றினார். நள்ளிரவில் அழைத்தாலும் அடுத்த போதைநோயாளிக்கு உதவக்கூடியவர் தனக்கு உதவிக்கொள்ள முடியாமல் போனது இந்நோயின் கொடுமை. அதை மனவுறுதிக் குறைவு என்று தீர்ப்பெழுதுவது அநியாயம். 2018இல் பெருங்குடல் வெடித்து இரண்டு வாரம் நினைவின்றிக் கிடந்து, ஐந்து மாதம் மருத்துவமனையில் இருந்தார். போதையிலிருந்து மீள ஏறத்தாழ 90 லட்சம் டாலர் செலவழித்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்.

செலவழிக்கப் பணம் இருந்ததே கடைசியில் எமனாயிற்று. மனச்சோர்வுக்காக மருத்துவர் மேற்பார்வையில் கெட்டமின் என்ற மயக்க மருந்தை எடுத்துவந்தவர், அதற்கு வெளியேயும் அம்மருந்தைத் தேடத் தொடங்கினார். 2023 செப்டம்பர், அக்டோபரில் ஒரு மருத்துவர் சுமார் 55,000 டாலருக்கு 20 குப்பிகள் விற்றார். ஏறத்தாழ 12 டாலர் அடக்க விலையுள்ள ஒரு குப்பி 2,000 டாலருக்குப் போனது. மருத்துவப் பயிற்சியே இல்லாத, உடன் தங்கியிருந்த உதவியாளர் ஊசி போட்டார். நோயாளியே முதலாளியாக இருந்த அந்த வீட்டில் மறுப்பவருக்கு வேலை போகும். விற்பவருக்கு வருமானம் போகும்.

2023 அக்டோபர் 28 அன்று, குறைந்தது மூன்று ஊசிகளுக்குப் பிறகு, லாஸ் ஏஞ்சலஸ் வீட்டின் வெந்நீர்த் தொட்டியில் 54 வயதில் இறந்து கிடந்தார். கெட்டமினின் கடும் விளைவே காரணம் என்றது உடற்கூறாய்வு. நீரில் மூழ்கியதும் இதயநோயும் துணைக் காரணங்கள். 2024 ஆகஸ்டில் இரண்டு மருத்துவர்கள், உதவியாளர் உட்பட ஐவர் மீதான குற்றச்சாட்டுகள் வெளியாயின. ஐவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். குப்பிகளை விற்ற மருத்துவருக்கு 2025 டிசம்பரில் 30 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.