ஒரே போனில் வீட்டு நம்பர், வியாபார நம்பர்!

“ஆவடி சுற்றுவட்டாரத்தில் வீடு வீடாகப் பால் ஊற்றும் குடும்பம். வாடிக்கையாளர் அழைப்பும் வீட்டு அழைப்பும் ஒரே நம்பரில் வருகின்றன. ஒரே போனில் இரண்டையும் பிரிக்க வழி உண்டா?”
- வாசகர், பருத்திப்பட்டு.

பதில்: இரண்டு சிம் போடும் போன் இருந்தால் போதும். ஆனால், எந்த நம்பரை எதற்கு வைப்பது என்பதுதான் முக்கியம்.

ஆதார், வங்கிக் கணக்கு, பி.எம்.கிசான் ஆகியவற்றில் பதிவான பழைய நம்பர் வீட்டுக்கே இருக்கட்டும். வியாபாரத்துக்குப் புது நம்பர் வாங்குங்கள். வாடிக்கையாளர்களிடம் பால் ஊற்றும்போதே புது நம்பரைச் சொல்லிவிடலாம். ஆதாரிலும் வங்கியிலும் நம்பர் மாற்றுவதுதான் அலைச்சல்.

புது நம்பரில் ‘வாட்ஸ்அப் பிசினஸ்’ செயலியைப் போடலாம். சாதாரண வாட்ஸ்அப் பழைய நம்பரிலேயே இயங்கும். இரண்டு சிம்முக்கும் வெவ்வேறு ரிங்டோன் வைத்தால், எடுக்கும் முன்பே எந்த அழைப்பு என்று தெரியும். இரவில் வியாபார சிம்மை மட்டும் செட்டிங்ஸில் அணைத்து வைக்கலாம். ஒரு சிம்மில் பேசும்போது, மற்ற நம்பருக்கு அழைப்பவருக்குப் பல போன்களில் ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்றே கேட்கும். வாடிக்கையாளர்களிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

ரீசார்ஜ் செலவு இரட்டிப்பாக வேண்டியதில்லை. ஒரு சிம்மில் இன்டர்நெட் இருந்தாலே இரண்டு வாட்ஸ்அப்பும் இயங்கும். மற்றதற்குப் பேச்சு, எஸ்.எம்.எஸ். மட்டும் உள்ள திட்டம் போதும். இத்தகைய திட்டங்களை நிறுவனங்கள் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது.

பழைய நம்பரை மட்டும் ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிடாதீர்கள். துண்டிக்கப்பட்ட நம்பரை 90 நாள்களுக்குப் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். பிறகு, உங்கள் வங்கி ஓ.டி.பி. முன்பின் தெரியாதவர் போனுக்குத்தான் போகும்.